தூக்கத்தில் பட்ட கை

மூன்று விசில் ஊதாமல் ஒரு நாளும் வெடி வைக்காத என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் உங்கள் திதிக்குப் பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் அரியலூர் வந்து, அங்கிருந்து ரெட்டிபாளையம் போனேன். சாலை நீங்கள் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது. சிமெண்ட் லாரிகள், புளிய இலை மேல் சாம்பல் நிறத் தூசி. அண்ணன் டயர் கடையை அன்றைக்கு மட்டும் மூடியிருந்தான். அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி என்று உட்கார்ந்தே இருக்கிறாள், ஆனால் வடை மாவில் உப்பு போதவில்லை என்றால் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஓடுகிறாள்.

இந்தச் சேதிகளைச் சொல்ல நான் எழுதவில்லை. செத்தவர்களிடம் பேசினால் கேட்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள், கண்ணால் பார்த்ததையே இரண்டு முறை சந்தேகப்படுகிறவள். ஆனாலும் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதை வேறு யாரிடம் கேட்பது?

அன்றைக்குப் படையல் போடும்போதுதான் கவனித்தேன். அண்ணிக்கு இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் இருந்தது. பவுடரை அப்பி மறைத்திருந்தார். அடுப்படிக்கு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணி இது?"

"ஒண்ணுமில்ல மலரு. கை பட்டுருச்சு."

"யார் கை?"

"ஒங்க அண்ணன் கைதான். தூக்கத்துல பட்டுருச்சு."

அப்பா, இதே வார்த்தையை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். இதே வீட்டில், அம்மா வாயிலிருந்து.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். மே மாத லீவுக்கு வந்தபோது அம்மாவின் மேலுதடு வீங்கியிருந்தது, ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "தூக்கத்துல ஒங்கப்பா கை பட்டுருச்சுடி" என்றாள். நான் நம்பவில்லை. ஹாஸ்டலில் கூடப் படித்த பெண்களின் அம்மாக்கள், பக்கத்து வீட்டு அக்காக்கள், எல்லோரும் சொல்கிற பொய்தான் இது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கதவு இடித்துவிட்டது, படியில் வழுக்கிவிட்டது, கை பட்டுவிட்டது.

தெருவில் எதிர் வீட்டுக்காரி வேறு, "ராத்திரி ஒங்க வூட்ல ஒரே சத்தம்டி" என்றாள்.

நீங்கள் குடிக்க மாட்டீர்கள். பகலில் ஒரு நாளும் அம்மாவை அதட்டிப் பேசியதைக்கூட நான் கேட்டதில்லை. இதையெல்லாம் நான் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே சாதுவாக இருக்கிற ஆம்பளைகள்தான் மோசம் என்று எங்கோ படித்திருந்தேன். படித்த திமிர் என்று அம்மா பிற்பாடு சொன்னது சரிதான்.

மறுநாள் நீங்கள் சுண்ணாம்புக்கல் மைன்ஸிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள். நான் சோற்றை வைத்துவிட்டு நின்றபடி சொன்னேன்: "இனிமே அம்மா மேல கை வச்சீங்கன்னா நான் இந்த வூட்டுக்கு வர மாட்டேன்." நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிசைந்த சோற்றில் இருந்த கையை எடுத்துக் கழுவிவிட்டு எழுந்து போனீர்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குற்றவாளி பேசாமல் இருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். லீவு முடிகிற வரைக்கும் உங்களோடு பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் படுக்கப் போய்விட்டீர்கள். மழைக்காலத்திலும் அங்கேதான். காற்றுக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

இந்த முறை அடுப்படியில் அண்ணியிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். நாற்பத்தொன்பது வயதில் அந்த அளவு புத்தியாவது வந்திருக்கிறது. "தூக்கத்துல அப்படி என்ன பண்றான்?"

அண்ணி சிரித்துவிட்டார். "அத ஏன் கேக்குற. நாய் தொரத்துதாம் ஒங்க அண்ணனுக்கு. 'ஏய், போ, போ'ங்கிறாரு, காலால ஒதைக்கிறாரு. முந்தா நாள் நான்தான் நாயி. எழுப்பிக் கேட்டா, 'நீ இங்க என்ன பண்ற?'ங்கிறாரு. மூணு மாசமா நடுவுல தலையணைய அணை கட்டி வச்சுத்தான் படுக்குறேன். தெருவுல என்னவோ இவரு குடிச்சிட்டு அடிக்கிறாருன்னு பேச்சு. நான் என்னத்தன்னு போயி சொல்றது?"

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"கெட்ட கனவுக்கு எந்த டாக்டர் மலரு? அத்தைதான் சொன்னாங்கன்னு இரும்பு வச்சிருக்கேன்."

போய்ப் பார்த்தேன். அண்ணன் தலையணைக்கு அடியில் துணியில் சுற்றிய கருக்கரிவாள். நெல் அறுக்கிற அரிவாள், அப்பா. பல் பல்லாக இருக்குமே, அது. தூக்கத்தில் நாயை விரட்டுகிற மனிதனின் கைக்கு எட்டுகிற இடத்தில். கெட்ட கனவு வந்தால் தலைமாட்டில் இரும்பு வைப்பது நம் வீட்டு வழக்கம். உங்கள் தலைமாட்டிலும் அம்மா அதைத்தான் வைத்திருந்தாளாம். நீங்கள் கொட்டகைக்குப் போனபோது அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களாம்.

அரிவாளை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பெரம்பலூர் பஸ்ஸில் மடியில் அரிவாளோடு வந்த ஒரே பேராசிரியை நானாகத்தான் இருப்பேன்.

வந்ததும் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது, ஆய்வுக் கட்டுரையைப் படிக்கத் தெரியும். யாரைச் சோதித்தார்கள், எத்தனை பேரை, எத்தனை வருஷம் பின்தொடர்ந்தார்கள் என்று பார்க்கத் தெரியும். புரியாத இடங்களைத் திருச்சியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் கனவு காணும்போது மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைத்துவிடுகிறது. கனவில் ஓடினாலும் கால் ஓடாமல் இருப்பது அதனால்தான். மூளைத்தண்டில் ஒரு சின்ன இடம் இந்த வேலையைப் பார்க்கிறது. அந்த இடம் பழுதானால் கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்துவிடும். கத்தும், உதைக்கும், தள்ளும். செய்கிறவருக்கு அது தெரியாது. விழித்தால் கனவு மட்டும் ஞாபகம் இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். இப்படி ஆகிறவர்களில் பலருக்குப் பிறகு பார்க்கின்சன் நோயோ அதன் சொந்தக்கார நோய்களில் ஒன்றோ வருகிறது. உடனே இல்லை. பத்து வருஷம், சிலருக்குப் பதினைந்து வருஷம் கழித்து. மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து கட்டி கட்டியாகச் சேர்கிறது. கை நடுங்குவதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சேர்மானம் தொடங்கிவிடுகிறது. கனவைக் காவல் காக்கிற இடம் முதலில் அடிபடுவதுண்டு. வாசனை தெரியாமல் போவதும், தீராத மலச்சிக்கலும் அதே காலத்தில் வரலாம்.

உங்களுக்கு வயது ஐம்பத்து மூன்று இருக்கும்போது அம்மாவின் உதடு வீங்கியது. அறுபத்து நாலில் வலது கட்டை விரல் நடுங்க ஆரம்பித்தது, பார்க்கின்சன் என்றார்கள். நடுவில் ஒரு நாள் அம்மா கருவாடு வறுத்து வீடே நாறிக்கொண்டிருக்க, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டீர்கள். கிண்டல் செய்கிறீர்கள் என்று எல்லோரும் சிரித்தோம்.

இப்போது முதுகுத் தண்டு நீரிலும் தோலில் கிள்ளி எடுத்த சின்னத் துணுக்கிலும் அந்தப் புரதத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்றும் முயற்சி நடக்கிறது. நடுக்கம் வருவதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்தால், நோய் வளர்வதை நிறுத்தும் மருந்தை அவர்களிடம் பரிசோதிக்கலாம் என்பது யோசனை. அப்படி நிறுத்துகிற மருந்து இன்று வரை எதுவும் நிரூபணமாகவில்லை. உடற்பயிற்சி நல்லது செய்கிறது என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. தூக்கத்தில் கை கால் வீசுவதைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. அவை வரப்போகும் நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு இதிலும் சந்தேகம் உண்டு. இந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில் தூக்க மருத்துவர்களிடம் தாங்களாகவே போனவர்கள். என் அறைக்கு வந்து சந்தேகம் கேட்கிற மாணவர்களை மட்டும் வைத்து முழு வகுப்பையும் எடை போட முடியுமா? ரெட்டிபாளையத்தில் நடுவில் தலையணை வைத்துப் படுக்கிறவர்களை யாரும் எண்ணவில்லை. தூக்கத்தில் கத்துகிற எல்லோருக்கும் இந்த வியாதி இல்லை. மூச்சு அடைப்பாலும் வரலாம், சில மாத்திரைகளாலும் வரலாம். ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். "தூக்கத்தில் கை பட்டது" என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பல வீடுகளில் அது அடியேதான். அந்தப் பெண்களை இன்றைக்கும் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். உங்கள் விஷயத்தில் நான் செய்த தப்பு சந்தேகப்பட்டது இல்லை. சந்தேகப்பட்டதோடு நின்றுவிட்டது. இரண்டாவது கேள்வி கேட்கவே இல்லை.

சரி, அண்ணனிடம் இதைச் சொல்வதா வேண்டாமா? ஒரு வாரம் இதே யோசனை. அரிவாளை எடுத்தாயிற்று, கட்டிலைத் தாழ்த்தச் சொல்லலாம், அண்ணியைத் தள்ளிப் படுக்கச் சொல்லலாம். அதற்கு மேல் எதற்கு? தடுக்க மருந்து இல்லாத ஒன்று பத்து வருஷம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்று ஒருவனிடம் சொல்லி, அந்தப் பத்து வருஷத்தையும் கெடுப்பானேன்? அவன் பெண்ணுக்கு வரன் வேறு பார்க்கிறார்கள். பரம்பரை வியாதி என்று ஊர் சொல்லிவிடும். பெரும்பாலும் இது அப்படி வருவதில்லை என்று நான் யாரிடமெல்லாம் போய் விளக்குவேன்? ஒதுங்க இடமில்லாதவனிடம் விசில் ஊதி என்ன பயன்?

விசில் என்றதும் ஆறுமுகம் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். எனக்குப் பத்து வயது. ஸ்கூல் லீவில் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மைன்ஸ் கேட்டு வரைக்கும் வந்திருந்தேன். வெடி போடுகிற நேரம். சிவப்புக் கொடி ஏற்றி, மூன்று விசிலும் ஊதியாகிவிட்டது. தூரத்தில் மேட்டில் ஆறுமுகம் தாத்தா ஆடு மேய்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காது. சூப்பர்வைசர் உங்களைப் பார்த்துக் கத்தினார், "யோவ், மூணு விசில் குடுத்தாச்சுல்ல? ரூல்படி அவ்வளவுதான். போடுய்யா!"

"அவருக்குக் கேக்காது சார்."

"அதுக்கு? ஒரு ஆளுக்காக ஷிப்டையே நிறுத்துவியா?"

"ஆமா சார்."

கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தே போனீர்கள். ஓடவில்லை, கத்தவில்லை. நேராகப் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லி, ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். தாத்தா வருகிற வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு லாரி டயரைக் கழற்றிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடி, கடைக்கே வந்துட்ட? காலேஜ்ல பஞ்சர் ஆயிடுச்சா?"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி மூக்குக்கு நேரே பிடித்தேன். பெருங்காயம்.

"என்னது, கோல மாவா?"

கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "எனக்குக் கொரோனா வந்ததுலேர்ந்து வாசன சரியா தெரியல. இதுக்கா பஸ் ஏறி வந்த?"

பாருங்கள், அப்பா, இதையும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொன்னேன். அவன் கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்பாவுக்கு எத்தன வருசம் கழிச்சு வந்துச்சு?"

"பதினோரு வருஷம்."

"அப்ப எனக்கு அறுவத்தி மூணு. பாப்பா கல்யாணம்லாம் முடிஞ்சிரும்."

"வரும்னு நான் சொல்லலண்ணே."

"வராதுன்னும் சொல்லலல்ல? கணக்கு வாத்தியாரம்மாங்கிற, ஒண்ண ஒழுங்கா சொல்லத் தெரியுதா ஒனக்கு?"

ஒரு லாரிக்காரர் வந்து காற்றுப் பிடிக்கச் சொன்னார். பிடித்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவன் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அப்ப, அப்பா அம்மாவ அடிக்கல, இல்ல?"

அவனும்தான், அப்பா. என்னோடு கூடப் பிறந்தவன், நான் நினைத்ததையே அவனும் இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. போன மூன்று மாதமாக, தானும் அப்பா மாதிரி ஆகிவிட்டோமோ என்று அவனுக்குப் பயம். அண்ணியின் கண்ணைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்றான். வியாதி வரலாம் என்று நான் சொன்னதை அவன் கேட்டுக்கொண்ட விதத்தில் எனக்கு ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. அது நானாக நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் அவனே கேட்டான். அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அதத்தானடா இருவத்தாறு வருசமா சொன்னேன், தூக்கத்துல கை பட்டுச்சுன்னு. எவன் கேட்டான், எவ கேட்டா? இவ பெரிய படிப்புப் படிச்சிட்டு வந்து மனுசன சோத்துல வச்ச கையோட எழுப்பி வுட்டா."

"அப்பா ஒங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியாம்மா?" என்று நான் கேட்டேன்.

"சொன்னாரு. பாயச் சுருட்டுறப்போ சொன்னாரு. 'பொண்ணு சொல்றது சரிதான். முழிச்சுப் பாத்தா ஒன் வாயில ரத்தம். எனக்கே என் மேல நம்பிக்க இல்ல.' அவ்வளவுதான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"அன்னிக்குக் கனவுல என்னவாம்?"

"வெடியப் போட்டுட்டாங்களாம், நான் பள்ளத்துல நிக்கிறேனாம். 'ஒதுங்கு, ஒதுங்கு'ன்னு என்னப் புடிச்சுத் தள்ளுனாரு. தள்ளுன கைதான் வாயில பட்டுச்சு."

கனவுக்கு அர்த்தம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதற்கும் நான் அர்த்தம் சொல்லப் போவதில்லை. அம்மா சொன்னதை எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அத்தனை வருஷம் சைக்கிள் கொட்டகையில் படுத்தீர்களே. கை நடுங்க ஆரம்பித்த பிறகும், எழுந்து நடக்க ஆள் வேண்டியிருந்த கடைசிக் காலம் வரைக்கும். ராத்திரி பக்கத்தில் ஆள் இல்லாமல் எத்தனை தடவை விழுந்திருப்பீர்கள்? அப்போதாவது, "நான் அடிக்கல பாப்பா" என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்கே நிச்சயம் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த நிச்சயத்தை உங்களுக்குக் கொடுக்கிற படிப்பு அப்போது என்னிடம் இல்லை. ஆனால் அம்மா இருந்தாள். அம்மா சொன்னதே போதுமான சாட்சியம். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது. ஊர்ல எத்தன பேரு தூக்கத்துல பொண்டாட்டிய ஒதைச்சிட்டு விடிஞ்சு முழிச்சிட்டு இருக்கானோ, அவனுவளும் தெரிஞ்சுக்கட்டும். நாய்க் கதைய மட்டும் போடாத, கடைக்கு வர்றவன்லாம் கொரைப்பான்" என்றான். போட்டுவிட்டேன். அவன் படிக்கும்போது திட்டட்டும்.

வருகிற வியாழக்கிழமை திருச்சியில் அவனுக்குத் தூக்கப் பரிசோதனை. தலையிலும் தாடையிலும் காலிலும் ஒயர் ஒட்டுவார்களாம். "இத மாட்டிக்கிட்டு எவன்டி தூங்குவான்?" என்கிறான். அண்ணியும் நானும் கூடப் போகிறோம். என்ன முடிவு வந்தாலும் அவனிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அவன் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாலும் பக்கத்திலேயே நடப்பேன். ராத்திரி தனியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போக அவனை விடமாட்டேன், அப்பா. அரிவாளை வயலுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று.

அம்மா சொன்னதை நம்பாத,
உங்கள் மகள்
மலர்க்கொடி